ஏழாவது பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டில் நான் கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் உள்ளபடி எழுதுவேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். வெட்கப்பட்டு எதையும் விடவும் மாட்டேன். தினமும் பத்து வரி எழுதிப் பழகினால் பொதுத்தேர்வில் கட்டுரைக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று தமிழம்மா சொன்னார். நான் மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதவில்லை. உண்மையை எழுதுவது சிரமம் என்று எங்கோ படித்தேன். அது எவ்வளவு சிரமம் என்று பார்க்க வேண்டும்.

என் பெயர் கோமதிப்பிரியா. பத்தாம் வகுப்பு. ஊர் கழுகுமலை. எங்கள் வீட்டின் முன்னறைதான் எங்கள் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. அப்பா செண்பகராஜ், ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. அவர் மெதுவாகப் பேசினாலே தெருமுனையில் கேட்கும். அம்மா தமயந்தி பேசுவது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ஆனால் தமிழ் டைப்பிங்கில் அம்மாவை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை. மதியம் அப்பா சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுப்பார். அப்போது கடை அம்மாவுடையது. இரவில் கணக்கு முடித்துக் கடையைச் சாத்துவதும் அம்மாதான்.

இன்று காலை அப்பா புலம்பினார். "கடையத் தொறந்தா கரண்ட் பில்லு, சாதிச் சான்று, ரயில் டிக்கெட்டுன்னு ஒவ்வொண்ணா அடிச்சுத் தொறக்கணும். அதுக்குள்ள வாசல்ல கூட்டம் நிக்கி. பாப்பா, நீ பெரிய படிப்பாளியாச்சே. தொறந்த ஒடனே எல்லாம் தானா வந்து நிக்கிற மாதிரி பண்ண முடியாதா?"

முடியும். பிரவுசரின் அமைப்புகளுக்குள் 'தொடக்கத்தில்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் மூன்று வழிகள். வெறும் புதிய பக்கத்தைத் திறக்கலாம். நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அல்லது எந்தெந்தப் பக்கங்கள் திறக்க வேண்டும் என்று நாமே வரிசையாகக் கொடுக்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். முந்தின நாள் எவை திறந்திருந்தனவோ அவையே மறுநாள் வந்து நிற்கும். அதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

"கெட்டிக்காரி!" என்று அப்பா கத்தினார். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

ஜூன் 6, வெள்ளி

பள்ளிக்குப் போகுமுன் கடையைத் திறப்பது என் வேலை. பெருக்கி, தண்ணீர் தெளித்து, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டால் அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்வார்.

பிரவுசரைத் திறந்ததும் வழக்கமான ஆறு பக்கங்களும் வந்தன. ஏழாவதாக இன்னொன்றும் வந்தது. 'மார்பில் கட்டி வலி இல்லை' என்று யாரோ தேடியிருந்தார்கள்.

கஸ்டமர் யாராவது கேட்டிருப்பார்கள். மூடிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் இடி விழுந்து கம்ப்யூட்டர் புகைந்துபோனதிலிருந்து, நாற்காலியை விட்டு எழுந்தால் சுவரிலிருக்கும் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவோம். ஒவ்வொரு பக்கமாக மூடும் பொறுமை யாருக்கும் இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டால் கம்ப்யூட்டருக்கு எல்லாம் மறந்துபோகும் என்பது அம்மாவின் நம்பிக்கை. போன வாரம் வரை அது உண்மையாகவும் இருந்தது.

ஜூன் 9, திங்கள்

கணக்கில் இயற்கணிதம் ஆரம்பித்தாயிற்று. நூலகத்தில் திமிங்கிலங்களைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன்.

இன்றும் ஏழாவது பக்கம் இருந்தது. 'வலி இல்லாத கட்டி எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம்.' அதே கஸ்டமர் மறுபடியும் வந்திருக்க வேண்டும்.

பேப்பர் பண்டலை அம்மா இப்போதெல்லாம் வலது கையால் மட்டும் தூக்குகிறாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறாள். கவனித்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 10, செவ்வாய்

மாலையில் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

"எனக்கெதுக்கும்மா? பரீட்சையில ரசமா கேக்கப் போறாங்க?"

"தெரிஞ்சு வச்சிக்கிட்டா என்னட்டி கொறஞ்சு போகும்? புளியக் கரைக்கும்போதே உப்பப் போட்டுரு. கொதிக்க விட்டுராத, நொரை கூடுன ஒடனே எறக்கிரணும். உங்கப்பாவுக்குக் கொதிச்ச ரசம் எறங்காது."

நுரை கூடியதும் இறக்கினேன். நன்றாக இருப்பதாக அப்பா இரண்டு முறை ஊற்றிக் குடித்தார். அம்மா சாப்பிடாமல் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11, புதன்

இன்று காலை வந்த ஏழாவது பக்கம்: 'பத்தாம் வகுப்பு பெண்கள் விடுதி அரசு விண்ணப்பிப்பது எப்படி.'

இதுவும் கஸ்டமருக்குத்தான். ஜூன் மாதத்தில் எல்லாரும் விடுதி தேடுவார்கள்.

நான் அதை மூடும்போது அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்றார். "என்ன பாப்பா மூடுத?" என்றார். "விளம்பரம்ப்பா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பள்ளியில் ஆசிரியை கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் கை தூக்கவில்லை.

மாலையில் வந்ததும் அமைப்புகளைத் திறந்து மூன்றாவது வழிக்கு மாற்றினேன். ஆறு பக்கங்களையும் நானே வரிசையாகக் கொடுத்தேன். இனி காலையில் அந்த ஆறு மட்டும்தான் வரும். அம்மா இரவில் தேடியது எதுவும் அப்பாவின் கண்ணில் படாது.

என் கண்ணிலும் படாது. அதை மாற்றி முடித்த பிறகுதான் யோசித்தேன்.

ஜூன் 12, வியாழன்

ஆறு பக்கங்கள் வந்தன. அப்பாவுக்குச் சந்தோஷம்.

ஜூன் 13, வெள்ளி

கடை அலமாரிக்கு மேல் பெரியம்மாவின் படம் மாட்டியிருக்கிறது. அம்மாவின் உடன்பிறந்த அக்கா. அவர் போனபோது நான் ஐந்தாம் வகுப்பு. எதனால் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரும், "லேட்டாக் காட்டுனதுதான் தப்பு, முன்னாலயே காட்டிருக்கணும்" என்று ஒரே மாதிரி சொன்னது ஞாபகம் இருக்கிறது. எதைக் காட்ட வேண்டும் என்று அன்று புரியவில்லை.

இன்று படத்துக்குப் பூ மாற்றியபின் அம்மா ஸ்டூலிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றாள். "அம்மா, பால் பொங்குது" என்று நான் சொல்லும்வரை நின்றாள்.

சாப்பிட்ட பிறகு கடைக்குப் போய் நானே தேடினேன். பெரியாஸ்பத்திரியில் புதன்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும் பரிசோதனை இருக்கிறது. பார்ப்பது பெண் டாக்டர். ஸ்கேனும் அங்கேயே. இலவசம். அந்தப் பக்கத்தின் முகவரியை அமைப்புகளில் ஏழாவதாகச் சேர்த்தேன்.

நாளை சனிக்கிழமை. அப்பா பேப்பர் வாங்கக் கோவில்பட்டி போகிறார். கடையைத் திறக்கப்போவது அம்மா.

ஜூன் 14, சனி

வேண்டுமென்றே தாமதமாக எழுந்து, போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் கிளம்பும் சத்தம் வந்தது. பிறகு எதுவும் இல்லை. வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு மவுஸ் சத்தம், டிக், டிக்.

அம்மா எனக்குக் காபி கொண்டுவந்து தந்தாள். "எந்திரி, மணியப் பாரு" என்றாள்.

மதியம் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். ஏழாவது முகவரி இல்லை. நீக்கப்பட்டிருந்தது. எங்கே போய் எப்படி நீக்குவது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

நேற்று மாலை சேர்த்தேன். இன்று காலை அப்பா குளிக்கப் போனதும் அம்மா எனக்கு முன்னாலேயே கடையில் உட்கார்ந்திருந்தாள். "நீ போய்ப் படி. நான் தொறந்துக்கிடுதேன்" என்றாள். நீக்கிவிட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

சேர்த்தேன். நீக்கினாள். அவசரத்தில் கூடவே மின்கட்டணப் பக்கத்தையும் நீக்கிவிட்டாள் போலிருக்கிறது.

"யாருட்டி என் கரண்ட் பில்லத் தூக்குனது?" என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "நேத்து வரைக்கும் கண்ணு முன்னால நின்னுச்சு!"

அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

ஜூன் 18, புதன்

புதன் போய்விட்டது. அம்மா இன்று மதியம் முழுவதும் கல்லூரி விண்ணப்பங்கள் டைப் செய்தாள்.

ஜூன் 19, வியாழன்

பாத்திரம் துலக்கும்போது அம்மா பேசினாள். குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்ததால் கிட்டே போய்க் கேட்க வேண்டியிருந்தது.

"கடைக் கம்ப்யூட்டர்ல தேவையில்லாததத் தொறந்து வைக்காத."

"அது தேவையில்லாததாம்மா?"

"ஆமா."

"அப்போ நீ தேடுனது?"

தட்டைத் துலக்கிய கை நின்றது. பிறகு ஏற்கெனவே துலக்கிய அதே தட்டை மறுபடி துலக்கியது.

"அட்மிஷன் கூட்டம் முடியட்டும். பெறவு பாத்துக்கிடலாம். உங்கப்பா ஒத்த ஆளா என்ன செய்வாரு? ஒரு பேப்பர் சிக்குனா ஊரையே கூப்பிடுத மனுசன்."

"அப்பாட்ட சொல்லவா?"

"நீ சொன்னேன்னா ஒங்கூடப் பேச மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. "பெரியம்மாவும் பெறவு பாத்துக்கிடலாம்னுதான் சொன்னாங்களா?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

இருந்த முகவரிகளை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து கொடுத்தேன். இந்த முறை ஆஸ்பத்திரிப் பக்கத்தை முதலாவதாக வைத்தேன். பிரவுசர் திறந்ததும் முழுத்திரையில் அதுதான் வரும். நாளை மறுபடி சனிக்கிழமை. கடையைத் திறப்பது அம்மா. பார்க்காமல் இருக்க முடியாது.

ஜூன் 21, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

காலையில் அம்மா திறந்தாள், பார்த்தாள். வாசலில் அதற்குள் ஆள் வந்துவிட்டதால் அந்தப் பக்கத்தை மட்டும் மூடினாள். அமைப்புகளுக்குள் போய் நீக்க நேரமில்லை. மாலையில் நீக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

பதினொரு மணிக்கெல்லாம் அப்பா கோவில்பட்டியிலிருந்து வந்துவிட்டார். கடை கொள்ளாத கூட்டம். அப்பா கம்ப்யூட்டரில், நான் ஜெராக்ஸ் மெஷினில், அம்மா உள்ளே எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கரண்ட் போனது. போன வேகத்தில் வந்தது. யூபிஎஸ் பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிறது. மாற்றலாம் மாற்றலாம் என்பார் அப்பா. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி கிளம்பியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது பிரவுசரைத் திறந்தால் எல்லாப் பக்கமும் முதலிலிருந்து வரும்.

"அப்பா, நான் பாக்கேன், எந்திரிங்க" என்றேன். அதற்குள் அவர் திறந்துவிட்டார்.

"இதென்னது?" அப்பாவுக்குத் திரையில் எது வந்தாலும் வாய்விட்டுப் படிக்கும் பழக்கம். "பெண்களுக்கான மார்பகப் பரிசோதனை... கட்டி இருந்தால்... புதன்கிழமை... பெண் மருத்துவர்... ஸ்கேன்..." பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "யாருப்பா இதக் கேட்டது?"

ஒரு கல்லூரிப் பையன் கீழே குனிந்து சிரித்தான். பெரியவர் ஒருவர், "அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா" என்றார். அம்மா டீத் தட்டோடு உள்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. நான் யாருடைய மாற்றுச் சான்றிதழையோ தலைகீழாக வைத்துக் காப்பி எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"யாருமில்லையா? அப்போ மூடிருதேன்."

"மூடாதீங்க அண்ணாச்சி. எனக்கு வேணும்."

கடைசியில் சுவரோரம் நின்ற மரியசெல்வி அக்கா. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். மகனின் வருமானச் சான்றுக்காக வந்தவர். அவர் இதைக் கேட்கவே இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றார்.

அப்பாவுக்கு அப்போதுதான் தன் குரல் தனக்கே கேட்டிருக்க வேண்டும். "சரிம்மா, இந்தா" என்று தணிந்து சொன்னார்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "நீங்க டீயக் குடிங்க. நான் எடுத்துக் குடுக்கேன்" என்று அப்பாவின் தோளுக்கு மேலாகக் கை நீட்டி மவுஸைப் பிடித்தாள். பிரிண்டரிலிருந்து ஒரு தாள் வந்தது. பிறகு இன்னொரு தாள் வந்தது. ஒன்றை மரியசெல்வி அக்காவிடம் கொடுத்தாள். மற்றதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பா டீ ஊதிக்கொண்டிருந்தார். நான் மட்டும் பார்த்தேன்.

வாசற்படியில் இருவரும் பேசினார்கள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், பெருக்கிய இடத்தையே பெருக்கினேன்.

"எம்புட்டு நாளா?" என்றாள் அம்மா.

"தீவாளிக்கு முன்னாலயே மதினி. வலிக்கல. அதான் விட்டுட்டேன். எங்க போகன்னும் தெரியல. ஆம்பள டாக்டர்னா... வீட்டுக்காரர்ட்டச் சொன்னா, வேல கெட்டுப்போகும்பாரு."

"வலிக்கலன்னு விடக் கூடாது" என்றாள் அம்மா. சொன்னவள், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவள் போல நின்றாள்.

"புதங்கெழம போவியா?"

"தனியாப் போகப் பயமா இருக்கு, மதினி."

தெருவில் ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அம்மா இடுப்பில் செருகிய தாளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நான் வாரேன்" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

அமைப்புகளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிப் பக்கம் அப்படியே இருக்கிறது. யாரும் நீக்கவில்லை.

ஆனால் துணைக்குப் போவது வேறு, காட்டுவது வேறு. அம்மா வெளியில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டால்?

ஜூன் 23, திங்கள்

வகுப்பாசிரியையிடம் புதன்கிழமைக்கு விடுப்பு கேட்டேன். காரணம் என்ன என்றார். "அம்மாவுடன் போக வேண்டும்" என்றேன். எங்கே என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

"பாப்பா, நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் மரியசெல்விக்குத் தொணைக்குப் போயிருவீங்க. இந்த மொதப் பக்கத்த எடுத்துரு. கஸ்டமர் கண்ணுல பட்டா வெக்கப்படுதாங்க" என்றார் அப்பா. "அந்தப் பிள்ளைக்குத்தான் பிரிண்ட் குடுத்தாச்சே."

அமைப்புகளைத் திறந்தேன். முகவரிக்குப் பக்கத்திலிருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினேன். 'அகற்று' என்று வந்தது. அழுத்தவில்லை.

"எடுக்கவாம்மா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன். அப்பாவின் குரல் மாதிரி சத்தமாகக் கேட்டேன்.

அடுப்படியில் தாளிக்கும் சத்தம் நின்றது.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.

"எதுக்கு இருக்கணும்?" என்றார் அப்பா.

"இருக்கட்டும்ங்க."

அப்பா வாயைத் திறந்தார். எதையோ சொல்லப்போனார். பிறகு திரையைப் பார்த்தார். கதவு நிலையில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்தார். உடம்போடு ஒட்டியிருந்த அவளது இடது கையைப் பார்த்தார். அலமாரிக்கு மேலிருந்த பெரியம்மாவின் படத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு கடை சாத்தும்வரை அப்பா பேசவே இல்லை. மெஷினில் பேப்பர் சிக்கியது. அவரே சத்தமில்லாமல் எடுத்தார். இவ்வளவு அமைதியான அப்பாவை நான் பார்த்ததே இல்லை. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 25, புதன்

பெரியாஸ்பத்திரி நடைக்கூடத்தில், மடியில் நோட்டை வைத்து எழுதுகிறேன்.

காலையில் நானும் அம்மாவும் மரியசெல்வி அக்காவும் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வரும் நேரத்தில் அப்பா வேகவேகமாக நடந்து வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"கடை?" என்றாள் அம்மா.

"பூட்டிட்டேன்."

"கூட்டம் வருமே!"

"வரட்டும். பூட்டப் பாத்துட்டுப் போகட்டும்."

"மரியசெல்விக்குத் தொணைக்கு இம்புட்டுப் பேரா?"

"ஆமா. மரியசெல்விக்குத்தான்" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. மரியசெல்வி அக்கா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் அந்தக் கையை விடவே இல்லை.

இந்தப் பகுதிக்குள் ஆண்களை விடுவதில்லை. அப்பா வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்கிறார். ஜன்னல் வழியாகத் தெரிகிறார். யாரோ அவரிடம் வழி கேட்கிறார்கள். கையால் மட்டும் காட்டுகிறார்.

சீட்டு எழுதும் இடத்தில், "எத்தன பேரு?" என்று நர்ஸ் கேட்டார். "ஒண்ணு" என்றார் மரியசெல்வி அக்கா. அம்மா இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு" என்றாள்.

மரியசெல்வி அக்காவை முதலில் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ரிசல்ட் பிறகுதான் சொல்வார்களாம். "வலிக்கல மதினி. அந்தம்மா நல்லாப் பேசுதாங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம், "தமயந்தி!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அம்மா எழுந்து பையை என் மடியில் வைத்தாள். இரண்டடி போய்த் திரும்பி வந்தாள்.

"ஏட்டி, நீ ஹாஸ்டல்ல இருப்பியா?"

"மாட்டேன்."

"ரசம் நல்லாத்தான் வைக்க நீ."

"நீ சொல்லிக் குடுத்தாத்தான் வைப்பேன். தனியா வைக்க மாட்டேன்."

அம்மா என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். இடது கையால்.

"சரி. ரெண்டு பேருமா வைப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. கதவுக்கு மேல் ஒரு சதுரக் கண்ணாடி இருக்கிறது. வெள்ளை வெளிச்சம் தெரிகிறது. யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். டாக்டர் ஏதோ கேட்கிறார். அம்மாவின் பதில் எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் குரல் அப்படித்தான்.

திரையில் தெளிவாகத் தெரிவதற்காக ஸ்கேன் எடுக்கும்போது அறையை இருட்டாக்குவார்கள் என்று மரியசெல்வி அக்கா சொன்னார். பயப்படாதே என்றார். பயப்படுகிறேன். அதையும் எழுதிவிட்டேன்.

கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள்.